காட்டிலே ஒளிந்திருக்கும் கடிதப் பெட்டி



கடிதப் பெட்டி என்றதும் தெருமுனையிலே செந்நிறம் பூண்டு நிற்கும் தபாற்பெட்டியே எவருக்கும் நினைவில் எழும். அது காண்போர் கண்ணிற் படுவதற்காகவே நிறுத்தப்பட்டது. ஆனால், கண்ணிற் படாதிருக்க வேண்டுமென்றே மலைச்சாரல்களிலும் காட்டுப் பாதையோரங்களிலும் வைக்கப்படும் கடிதப் பெட்டிகளும் உலகில் உண்டு. அவற்றுக்குப் பூட்டில்லை, காவலில்லை, தபாற்காரரும் இல்லை. ஆயினும் அவ்வழக்கம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து வருகின்றது.

இவ்வழக்கம் பிறந்த இடம் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாவட்டத்து டார்ட்மூர் மேட்டுநிலம். காற்றும் மூடுபனியும் சேற்றுநிலமும் நிறைந்த அப்பிரதேசத்தின் நடுவே கிரான்மியர் குளம் என்றோர் இடம் இருக்கின்றது. பெயர்தான் குளம், அங்கே இருப்பது நீர் வடிந்துபோன பள்ளமே. பிரயாணிகளை அவ்விடத்துக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக விளங்கிய ஜேம்ஸ் பெரட் என்பவர், 1854ஆம் ஆண்டில் ஒரு போத்தலை அங்கே வைத்தார். அரும்பாடுபட்டு வந்து சேர்ந்தோர் தம் பெயர்ச் சீட்டை அதனுள் இட்டுச் சென்றனர். நாளடைவில், சிலர் தம் முகவரியெழுதிய தபாலட்டைகளை அங்கே விட்டுச் செல்லலாயினர். அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று, தம் ஊரிலிருந்து தபாலிற் சேர்ப்பார். முன்பின் அறியாத ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் இவ்வுதவியினாலேயே அப்பெட்டிக்குக் கடிதப் பெட்டி என்ற பெயர் பொருந்துவதாயிற்று.

1937ஆம் ஆண்டில் கிரான்மியரிலே கல்லாலான பெட்டி அமைக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில், டார்ட்மூர் பற்றிய வழிகாட்டி நூலை 1909இல் வெளியிட்ட வில்லியம் குரொசிங் என்பவரின் ஞாபகார்த்தமாக, டக்ஸ் குளம் என்னுமிடத்திலும் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. பின்னர் பெட்டிகள் பல்கிப் பெருகின. 1998ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் சஞ்சிகை இதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டதன்பின், அமெரிக்காவிலும் இவ்வழக்கம் வேகமாகப் பரவிற்று.

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களின் குன்றுக் காடுகள் இத்தேடலுக்கு மிகவும் ஏற்றவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்குன்றுகளிற் பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. மேற்கே வளமான நிலங்களையும், நகரங்களிலே ஆலைத் தொழிலையும் நாடி உழவர் வெளியேறவே, கைவிடப்பட்ட நிலத்தைக் காடு மீண்டும் கைப்பற்றியது. இன்று அடர்ந்த மரங்களுக்கிடையே நடப்பவன், எந்த வயலுக்கும் எல்லையாகாத கல்வேலிகளையும், வீடில்லாத வீட்டு அத்திவாரங்களையும் காண்கின்றான். பெட்டியைத் தேடுவோருக்கு இவையே அடையாளங்கள்.

வெட்டவெளியான டார்ட்மூரில், தொலைவிலுள்ள பாறை முகடுகளைத் திசைகாட்டியால் அளந்து இடத்தைக் கணிக்கலாம். காட்டிலோ மரங்கள் பார்வையை மறைத்துவிடும். ஆகவே குறிப்புகள் வேறுவிதமாக அமைகின்றன. பாதை இரண்டாகப் பிரியுமிடத்திலே இடப்பக்கம் ஏறுக. கல்வேலி அறுபட்ட இடத்திலே நின்று இத்தனை பாகை திசையில் இத்தனை அடி எடுத்து வைக்க. பிளந்த பாறையின் பின்புறம் பார்க்க என்றவாறு அவை செல்லும். எழுதியவர் நெட்டையராயும் தேடுபவர் குட்டையராயும் இருப்பின் அடிக்கணக்குப் பிழைத்துப் போகும். காந்த ஊசி காட்டும் வடக்கும் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாக விலகுவது. ஆதலால், குறிப்பை வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நிலத்தையும் வாசிக்கத் தெரிய வேண்டும். சருகுகள் இயற்கையாக உதிர்ந்தனவா, ஒருவர் கையால் பரப்பப்பட்டனவா என்று பார்க்கப் பழகிய கண்ணுக்கே பெட்டி புலப்படும்.

அப்பெட்டியினுள்ளே பொன்னுமில்லை, பொருளுமில்லை. நீர் புகாத சிறு பெட்டி ஒன்றிலே ஒரு குறிப்புப் புத்தகமும், கையாற் செதுக்கிய இறப்பர் முத்திரை ஒன்றும் இருக்கும். கண்டெடுத்தவர் அம்முத்திரையைத் தம் புத்தகத்திற் பதித்துக்கொள்வார். தாம் கொண்டுவந்த முத்திரையைப் பெட்டியின் புத்தகத்திற் பதிப்பார். வந்ததற்கு அடையாளமும், கண்டதற்குச் சான்றும் அவ்வளவே. பின்னர் பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்தவாறே மறைத்துவைத்துத் திரும்ப வேண்டும்.

இவ்விடத்திலேதான் இப்பொழுதுபோக்கின் உயிர்நாடி இருக்கின்றது. மூடியைச் சரியாக மூடாவிடின், ஒரு மழையிலே பல ஆண்டுகளின் பதிவுகள் கரைந்து போகும். கல்லை மாற்றி வைத்துவிட்டால், நெடுந்தூரம் மலையேறி வருபவர் வெறுங்கையோடு திரும்புவார். தவறு செய்தவர் யாரென்று எவரும் அறியப் போவதில்லை. அவரைத் தண்டிப்பாரும் இல்லை. பார்ப்பவர் ஒருவருமில்லாத காட்டிலே, இன்னும் வந்து சேராத ஒருவருக்காக ஒருவர் காட்டும் கவனத்தையே இப்பெட்டிகள் நம்பியிருக்கின்றன.

நிலத்துக்கும் ஒரு கடமை உண்டு. பெட்டிக்காகப் பழைய சுவர்களைப் பிரிப்பதும், தொல்பொருட் சின்னங்களைக் கிளறுவதும், கூடுகட்டும் பறவைகளைக் கலைப்பதும் தகாதவை என்பது டார்ட்மூரில் வகுக்கப்பட்ட ஒழுங்கு. கிரான்மியர் குளம் இராணுவத்தின் சுடுபயிற்சி எல்லைக்குள் இருப்பதால், செங்கொடி பறக்கும் நாள்களில் அங்கே செல்வதும் ஆகாது.

2000ஆம் ஆண்டிலே செய்மதிகளின் துணையுடன் ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் புதிய விளையாட்டொன்று அமெரிக்காவில் தோன்றியது. அது உலகெங்கும் பரவியது. கருவி இடத்தைக் காட்டிவிடுகின்றது. எனினும், திசைகாட்டியையும் கால்களையும் கண்களையும் நம்பிக் காட்டுக்குள் செல்வோர் இன்றும் உள்ளனர். பெட்டியைத் தேடப் புகுந்தவர் வழியிலே மரத்தையும் கல்லையும் நீரோடையையும் உற்றுநோக்கக் கற்றுக்கொள்கின்றார். பெட்டி அகப்படாத நாளிலும் அந்தக் கல்வி அவர் கையைவிட்டுப் போவதில்லை.