பச்சை உடம்பு

ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததென்று கேள்வியுற்றால், நாம் முதலில் கேட்பது, "ஆணா, பெண்ணா?" என்பது. அடுத்துக் கேட்பது, "எடை எவ்வளவு?" என்பது. பெற்றவளைப் பற்றிய கேள்வி மூன்றாவதாகவேனும் வந்தால் அவள் பாக்கியசாலி. அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன். மாணவர்களாகிய நமக்கு இஃது எதற்கு என்று எண்ண வேண்டா. உங்கள் அக்காளோ அண்ணியோ பிள்ளை பெற்று வீடு திரும்பும்போது, அவ்வீட்டில் படித்த பிள்ளை என்ற பெயர் உங்களுக்குத்தானே உரியது?

பிள்ளை பெற்றவளை நம் முன்னோர் 'பச்சை உடம்புக்காரி' என்றனர். பொருள் பொதிந்த சொல். நஞ்சுக்கொடி பிரிந்த இடம் கருப்பையினுள்ளே ஆறாத புண்ணாக இருக்கின்றது. ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்கு வளர்ந்துவிட்ட கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் செல்லும்.

அந்தப் புண்ணின் வழியே கிருமி புகுந்தால் வருவது பேற்றுக் காய்ச்சல். 1847-ஆம் ஆண்டில், வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் ஒரு புதிரை ஆராய்ந்தார். அங்கே பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பயின்றனர். மாணவர்கள் பயின்ற பகுதியிலேயே தாய்மார் மிகுதியாக மாண்டனர். படித்தவர் கைபட்ட இடத்தில் சாவு அதிகம்! பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு அவர்கள் நேரே பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவியே உள்ளே வர வேண்டும் என்று கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. ஆயினும் பெரிய மருத்துவர் பலர், தம் கை அழுக்கென்று ஒருவன் சொல்வதா என்று சினந்தனர். 1865-இல் மனநோய் விடுதியொன்றில் அவர் இறந்தார்.

நம் நாட்டில் பேறுகாலச் சாவுக்கு முதற்காரணம் குருதிப்போக்கு. பிரசவமான முதல் 24 மணி நேரமே மிகுந்த கண்டம். கருப்பை இறுகாமல் தளர்ந்து போனால் குருதி நில்லாது பெருகும். அதனாற்றான் குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுகின்றனர். இரத்தச் சோகை உடையவளோ சிறிதளவு இழப்பையும் தாங்கமாட்டாள். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கருவுற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுடையோர் எனத் தெரிந்தது.

இனி நம் வழக்கங்களுக்கு வருவோம். தாய்வீட்டுக்கு அனுப்புவதும், அடுப்படி வேலையினின்று விலக்குவதும், பூண்டும் கீரையும் சமைத்துக் கொடுப்பதும் நல்ல வழக்கங்கள். எந்த மருத்துவ நூலும் அவற்றைப் பழிக்காது. ஆனால், "தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்" என்று ஒரு தம்ளர் நீரை அளந்து கொடுக்கின்றார்களே, அதை நான் ஒப்பவே மாட்டேன். பால் கொடுப்பவளுக்கு நீர் கூடுதலாக வேண்டும். குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொல்லையும் வரும். நாள் முழுதும் படுக்கையிலேயே கிடத்துவதும் தீது. காலில் குருதி உறையக்கூடும். மெல்ல எழுந்து நடக்க வேண்டும்.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்ற சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிடில் அது நோய், பேயுமன்று, திமிருமன்று. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பகுதிச் சிற்றூர்களில், மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணிப்பெண்கள் பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்ற தாய்மாரிடம் வீடு தேடிச் சென்று பேசினர். 2008-இல் வெளியான முடிவு இது: ஆறாம் மாதத்தில், அவ்வாறு பேசப்பெற்றவருள் நூற்றுக்கு 23 பேருக்கே சோர்வு எஞ்சியிருந்தது, மற்றவருள் 53 பேருக்கு இருந்தது.

கடுங்காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, துணி மேல் துணி நனையும் குருதி, கடுந்தலைவலி, வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம், தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிடலாம் என்ற பேச்சு — இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். ஒன்றும் காணாவிடினும், முதல் நாளிலும், பின்னர் 2 அல்லது 3-ஆம் நாளிலும், இரண்டாம் வாரத்திலும், ஆறாம் வாரத்திலும் தாயைச் சோதிக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தாய்வீட்டுக்குச் செல்பவள் ஊர் மாறிவிடுவதால் இந்தக் கடைசிச் சோதனை எளிதில் தவறிப்போகும். அவள் புறப்படும்போது தாய்சேய் நல அட்டையை மூட்டையில் வைத்து, அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.