கூழும் கொக்கோவும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கொக்கோவைப் பானமாக்கி, வட்டமாக இருந்து, தியானத்தோடு மெல்ல மெல்லப் பருகும் சடங்கொன்று இன்று மேல்நாடுகளிலே பரவி வருகின்றது. கோப்பையை இரு கைகளாலும் ஏந்தி, மனத்திலுள்ளதைச் சொல்லி, அதன் பின்பே குடிக்கிறார்கள். மனம் ஒருமைப்படுகிறது, அருகிலிருப்பவரோடு நெஞ்சு கலக்கிறது என்கிறார்கள். பல இடங்களில் இதற்குக் கட்டணமும் உண்டு!

சடங்கின் இன்றைய கோலம் புதிதாயினும் கொக்கோவின் பெருமை பழையது. மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் விவாகத்திலும் வழிபாட்டிலும் அதனைப் பயன்படுத்தினர். குவாத்தமாலாவில் ரியோ அசூல் என்னுமிடத்துக் கல்லறையில் 1984இல் கண்டெடுத்த மட்பாண்டமொன்றின் மேலே கொக்கோ என்ற சொல்லே எழுதப்பட்டிருந்தது; உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்தபோது கொக்கோவின் சத்தே காணப்பட்டது. தாவரவியலறிஞர் லின்னேயஸ் 1753இல் அம்மரத்துக்குத் 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். கிரேக்கத்திலே 'தேவர் உணவு' என்பது பொருள். (மிஷன் பாடசாலையிற் படித்ததன் பயன், இப்படிச் சில கிரேக்கச் சொற்கள் வாயில் நிற்கின்றன.)

கொக்கோவிலே சிறிது உற்சாகமூட்டும் சத்து உண்டு. தேநீரிலும் அப்படியொன்று உண்டு. ஆயினும் கடையில் நின்றபடி தேநீர் குடித்தவர் எவரும் நெஞ்சு கலந்து போனதாக நான் அறியேன். ஆகவே பானத்தைவிட, இருந்து குடிக்கும் முறையே காரணமென்பது என் எண்ணம்.

மாத்தளையில் விளையும் கொக்கோ நமது வரண்ட மண்ணுக்கு உரியதன்று. நமக்கு ஆடிக்கூழ் உண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடி வைத்தமையால் ஆடிப்பிறப்பை அறியாத யாழ்ப்பாணப் பிள்ளை அரிது. பாட்டு நிலைத்துவிட்டது, கூழ்தான் குறைகிறது.

வறுத்த பயறு வெந்ததும் மாவுருண்டைகளும் தேங்காய்ச் சொட்டும் இட்டு, பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் மாவும் கரைத்து விட்டுத் துழாவி இறக்குவார்கள். முதலில் விளக்கின் முன் படையல். பின்பு எல்லாரும் பானையைச் சுற்றி இருப்பார்கள். பிலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்திய கலத்தில் இரண்டு மிடறுதான் கொள்ளும். கூழோ சுடும், அவசரமாகக் குடிக்க இயலாது. நிலத்தில் வைத்துவிட்டு எழுந்து போகவும் இயலாது, சரிந்துவிடும். மீண்டும் மீண்டும் பானைக்கே வரவேண்டும். அந்த இடைவெளியிலே பேச்சு வரும். வேலிச் சண்டையிற் பேசாதிருக்கும் தமையனும் தம்பியுங்கூட ஒரே அகப்பையிலிருந்துதான் வாங்கவேண்டும். இன்றோ பிளாஸ்டிக் கோப்பையில் வாங்கிக்கொண்டு, கைத்தொலைபேசியோடு ஆளுக்கொரு மூலைக்குப் போகிறோம்.

இதிலும் பெரிய கவலை ஒன்றுண்டு. 1983க்குப் பின்பும், 1995 இடப்பெயர்வுக்குப் பின்பும் பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட, தமக்கொருவருக்காக அடுப்பு மூட்டும் ஆச்சிமாரும் அப்புமாரும் நம் கிராமங்களிலே பலர். எங்கள் ஒழுங்கையிலுள்ள ஓர் ஆச்சி சென்ற ஆடிப்பிறப்பன்று பாணும் சம்பலுமே சாப்பிட்டார். ஒரு சீவனுக்காக எவர் கூழ்ப்பானை வைப்பாரென்று சிரித்தார்.

வருகிற ஆடிப்பிறப்புக்கு நமது சங்கம் விழா எடுக்க வேண்டாம். மேடைக்கும் மாலைக்கும் இங்கே குறைவில்லை. ஐந்தாறு பேராகப் பிரிந்து, மாவும் பனங்கட்டியும் கொண்டு அவ்வீடுகளுக்கே போய், அவர்களுடைய அடுப்பிலே, அவர்கள் சொற்படி காய்ச்சுவோம். தூக்குச்சட்டியிற் கொண்டுபோய்ப் படலையிலே கொடுத்துவிட்டுத் திரும்புவது போதாது. கோலத் தெரிந்த பெரியவர்கள் ஆனி முடியுமுன் ஒரு மாலைப்பொழுது வந்து எங்களுக்குப் பிலாவிலை கோலப் பழக்கவேண்டும். வர விரும்பும் வாலிபர் இப்போதே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.