எந்தச் சொம்பு?

(கற்போர் மையக் கூட்டத்தில் பேசியது)



நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். கையெழுத்துப் போடுகிறீர்கள். பேருந்தில் ஊர்ப் பெயரைப் படித்து ஏறுகிறீர்கள். சிலர் கடிதம்கூட எழுதுகிறீர்கள். “இனிமேல் நான் என்ன எழுதுவது?” என்று சென்ற வாரம் ஓர் அக்கா என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பதில் வேறெங்கும் இல்லை. உங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது.

முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் தமிழ்க் குடும்பம். ஆனால் நான் வளர்ந்தது செகந்திராபாத்தில். அப்பாவுக்கு அங்கே வேலை. பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குப் பாட்டி இருந்தார். அவரை நாங்கள் ‘அவ்வா’ என்று கூப்பிடுவோம். கோடை வந்தால் அவ்வா வீட்டில் ஆவக்காய் போடுவார்கள். ஆவக்காய் என்றால் கடுகுப்பொடி சேர்த்த மாங்காய் ஊறுகாய். தெலுங்கில் கடுகுக்கு ‘ஆவாலு’ என்று பெயர். அதனால் அது ஆவக்காய்.

அவ்வாவிடம் என் அம்மா அதைக் கற்றுக்கொண்டார். பிறகு ஒவ்வொரு மே மாதமும் எங்கள் வீட்டிலும் ஆவக்காய் போட்டார். அந்த ஜாடி அடுத்த கோடை வரை எங்களுக்குச் சோறு போட்டது. மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது. காய்கறி வாங்க முடியாது. அப்போது சுடுசோறும் ஆவக்காயும்தான் எங்களைக் காப்பாற்றின.

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். சிலேட்டில் எழுதுவோம். அழிப்போம். மறுபடி எழுதுவோம். நான் கல்யாணமாகி வேறு ஊர் போனபோது அம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது:

“மாங்கா துண்டு 2 கிலோ. உப்பு 1 சொம்பு. மிளகாப்பொடி 2 சொம்பு. கடுகுப்பொடி 2 சொம்பு. எண்ணெ 2 சொம்பு. ஈரம் படக்கூடாது.”

அவ்வளவுதான். ஆறு வரி. அம்மா எனக்கு எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அம்மா இருந்தவரை ஆண்டுதோறும் ஊறுகாய் எங்களுக்கு வந்துவிடும். அதனால் நான் அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. 2014-ல் அம்மா இறந்துபோனார். அடுத்த மே மாதம் சீட்டை எடுத்தேன். என் வீட்டுச் சொம்பால் அளந்தேன். சீட்டில் உள்ளபடியே செய்தேன். இருபது நாள் கழித்து ஜாடியைத் திறந்தேன். மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. எல்லாவற்றையும் குழி தோண்டிக் கொட்டினேன். காசு போனது ஒரு பக்கம். அம்மாவின் ருசி இனி இல்லை என்ற எண்ணம் ஒரு பக்கம். அன்று நான் அழுதுவிட்டேன்.

தப்பு எங்கே நடந்தது? யோசித்துப் பாருங்கள்.

சீட்டில் ‘சொம்பு’ என்று இருந்தது. எந்தச் சொம்பு என்று இல்லை! அம்மாவின் சொம்பு பெரியது. என் சொம்பு அதில் பாதி. மாங்காயைக் கிலோக் கணக்கில் சரியாகப் போட்டேன். உப்பும் பொடியும் எண்ணெயும் பாதிதான் விழுந்தன. ஊறுகாயைக் கெடாமல் காப்பது உப்பு. உப்பு குறைந்தால் பூசணம் வரும்.

அம்மா எழுதியதில் தப்பு இல்லை. அம்மாவுக்குச் சொம்பு என்றால் அந்த ஒரே சொம்புதான்.

அந்தச் சொம்பு எங்கே போயிற்று? யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பித்தளைச் சொம்பு. விளிம்பில் ஒரு நசுங்கல். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. “அண்ணி, இது அம்மாவின் அளவுச் சொம்பு!” என்றேன்.

சொம்பைக் கழுவித் துடைத்தோம். மளிகைக் கடைக்கு எடுத்துப் போனோம். ஒவ்வொரு பொருளாக நிரப்பித் தராசில் வைத்தோம். ஒரு சொம்பு உப்பு 450 கிராம் இருந்தது. அதே சொம்பு மிளகாய்ப்பொடி 190 கிராம்தான்! கடுகுப்பொடி 200 கிராம். எண்ணெய் 400 மில்லி. பார்த்தீர்களா? சொம்பு ஒன்றுதான். எடை வேறு வேறு. உப்பு கனம். மிளகாய்ப்பொடி லேசு.

அந்த ஆண்டு மறுபடி போட்டேன். ஜாடியில் பூசணம் வரவில்லை. அண்ணன் வந்து சாப்பிட்டார். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தடவை சோறு போடச் சொன்னார்.

அந்த ஆவக்காயை இப்போது நான் எழுதி வைத்திருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள்.

காலம்: மே மாதம். காய் நன்றாகப் புளிக்க வேண்டும். கெட்டியாக இருக்க வேண்டும். பழுக்கத் தொடங்கிய காய் ஆகாது.

பொருள்கள்: மாங்காய்த் துண்டு 2 கிலோ. பொடித்த கல்லுப்பு 450 கிராம். மிளகாய்ப்பொடி 380 கிராம். கடுகுப்பொடி 400 கிராம். நல்லெண்ணெய் 800 மில்லி. வெந்தயம் இரண்டு கரண்டி. மஞ்சள்தூள் ஒரு கரண்டி.

செய்முறை: மாங்காயைக் கழுவுங்கள். துணியால் ஈரம் போகத் துடையுங்கள். உள்ளே இருக்கும் ஓட்டோடு சேர்த்து வெட்டுங்கள். ஓடு இருந்தால் துண்டு குழையாது. பருப்பை எடுத்துவிடுங்கள். அதை ஒட்டியிருக்கும் மெல்லிய தோலையும் எடுத்துவிடுங்கள். கடுகை வறுக்க வேண்டாம். வெயிலில் காயவைத்துப் பொடியுங்கள். பொடிகளையும் உப்பையும் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். துண்டுகளை எண்ணெயில் புரட்டுங்கள். பிறகு பொடியில் புரட்டுங்கள். பீங்கான் ஜாடியில் போடுங்கள். மிச்சப் பொடியையும் எண்ணெயையும் மேலே போடுங்கள். துணியால் வேடு கட்டுங்கள்.

மூன்றாம் நாள் திறந்து கிளறுங்கள். உப்பு பாருங்கள். எண்ணெய் மேலே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

பக்குவம்: இரண்டு மூன்று வாரத்தில் துண்டு ஊறிவிடும்.

கவனம்: ஈரக் கை, ஈரக் கரண்டி படக்கூடாது. உலோகப் பாத்திரத்தில் வைக்கக்கூடாது. புளிப்பும் உப்பும் உலோகத்தை அரிக்கும். பூசணம் வந்தால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடக்கூடாது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயை ரொம்பக் குறைவாகத்தான் தொட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படி எழுதினால் யார் படித்தாலும் செய்யலாம். இல்லையா?

நண்பர்களே! இது ஆவக்காயின் கதை மட்டும் அல்ல. நம் நாடு முழுவதும் இதே கதைதான்.

காஷ்மீரில் குளிர்காலத்தில் பனி பெய்யும். தோட்டத்தில் காய் இருக்காது. அதனால் கோடையிலேயே சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளியை வெட்டிக் காயவைத்துக்கொள்கிறார்கள். குஜராத்தில் கோடை வெயிலே அடுப்பு. மாங்காயைத் துருவிச் சர்க்கரை கலந்து வெயிலில் வைக்கிறார்கள். அது பாகாகிறது. அதற்குச் ‘சுந்தோ’ என்று பெயர். பஞ்சாபில் குளிர்காலத்தில் கேரட், காலிபிளவர், டர்னிப் மூன்றையும் சேர்த்து வெல்லம் போட்டு ஊறுகாய் போடுகிறார்கள். வங்காளத்தில் மேதினிப்பூர்ப் பக்கம் உளுந்து அரைத்து வடகம் இடுகிறார்கள். தட்டில் கசகசாவைப் பரப்பி, அதன்மேல் மாவை நகை போலக் கோலமாகப் பிழிகிறார்கள். அதற்கு ‘நகை வடகம்’ என்றே பெயர். நம் வீடுகளில் கோடையில் வற்றலும் வடகமும் போடுகிறோம்.

ஒவ்வொரு காலத்திலும் மலிவாகக் கிடைப்பதை, கிடைக்காத காலத்துக்குச் சேர்த்து வைக்கிறோம். இது ஏழை வீட்டு அறிவு. நம் பாட்டிகளின் அறிவு. ஆனால் பெரும்பாலும் இது ஏட்டில் இல்லை. கையில்தான் இருக்கிறது. ‘கைப்பிடி அளவு’, ‘கண் பார்த்த அளவு’ என்கிறோம். அந்தக் கை போனால் அளவும் போய்விடும்.

எழுதி வைத்தால் என்ன ஆகும்? ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் எஸ்.மீனாட்சி அம்மாள். தன் வீட்டுச் சமையலை அளவோடு எழுதி, 1951-ல் ‘சமைத்துப் பார்’ என்ற புத்தகமாக வெளியிட்டார். பல ஊர்களில், பல நாடுகளில் அதைப் பார்த்துச் சமைத்தார்கள். இன்றும் சமைக்கிறார்கள். அவரை நேரில் பார்க்காதவர்களும் அவர் கைப்பக்குவத்தைச் சாப்பிடுகிறார்கள். எழுத்தின் பலம் அதுதான்.

நாம் புத்தகம் போட வேண்டாம். ஒரு நோட்டு போதும். அதை நாமே செய்யலாம்.

வெள்ளைத் தாள் பத்து எடுங்கள். நடுவில் மடியுங்கள். நாற்பது பக்கம் வரும். மடிப்பில் மூன்று துளை போடுங்கள். கோணி ஊசியும் கெட்டி நூலும் கொண்டு தையுங்கள். பழைய அட்டையை மேலே வையுங்கள். அதன்மேல் அம்மாவின் பழைய புடவைத் துண்டை மைதாப் பசையால் ஒட்டுங்கள். நன்றாகக் காயட்டும். அழகான நோட்டு தயார். மகளுக்கோ மருமகளுக்கோ கல்யாணத்தில் கொடுத்தால், பாத்திரம் நசுங்கினாலும் இது நிலைக்கும்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பண்டம் எழுதுங்கள். இந்த ஆறையும் மறக்காதீர்கள்:

1. பண்டத்தின் பெயர். யார் சொல்லிக் கொடுத்தார்கள்?
2. எந்த மாதத்தில் செய்வது?
3. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு? கிராமில் எழுதுங்கள். சொம்பு, உழக்கு, டம்ளரால் அளந்தால், அது எவ்வளவு கொள்ளும் என்று கடையில் நிறுத்து எழுதுங்கள்.
4. முதலில் எதைச் செய்வது? அடுத்து எதை?
5. பக்குவம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? நிறமா, மணமா, பதமா?
6. எதைச் செய்தால் கெட்டுப்போகும்?

பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். மைப்பேனாவால் எழுதினால் தண்ணீர் பட்டதும் கரையும். நோட்டை அடுப்பின் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டில் யாரிடமாவது செல்போன் இருந்தால் பக்கங்களைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று இருக்கும்.

“எனக்குப் பிழை வருமே!” என்று கூச்சப்படாதீர்கள். என் அம்மா ‘எண்ணெய்’ என்று எழுதவில்லை. ‘எண்ணெ’ என்றுதான் எழுதினார். அந்தச் சீட்டை என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பிழையை நான் திருத்தவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். ‘சொம்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ‘450 கிராம் உப்பு கொள்ளும்’ என்று எழுதினேன்.

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? மாமியார் இருக்கிறாரா? கல்யாண வீடுகளில் சமைக்கும் பெரியப்பா இருக்கிறாரா? இன்று மாலையே பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் செய்யட்டும். நீங்கள் அளந்து எழுதுங்கள். “ஒரு கைப்பிடி” என்று அவர்கள் சொன்னால், அந்தக் கைப்பிடியைத் தராசில் போடுங்கள். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அடுத்த வாரம் வரும்போது ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். நாம் படிப்போம்.