தீ யாரைச் சுடும்? யாரைச் சுடாது?

(சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலாளர்கள் கூட்டிய கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாரம்)



மனித சரீரம் எப்படி வேலை செய்கிறது, அதில் ஆச்சரியப்படத்தக்கது என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி எம்மை அழைத்திருக்கிறீர்கள். நாம் காலேஜ் படிப்புப் படித்தவரல்ல. சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசில் கட்டையடுக்கப் போனவரே. பிறகு கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்து கொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். ஆகவே நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் சொந்த அனுபவத்தோடு ஒத்துப் பார்த்து, சரி என்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

சரீரத்தின் ஆச்சரியத்தைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஜில்லாவிலேயே இரண்டு காட்சிகளைக் காண்கிறோம். பங்குனி மாதத்தில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பொங்கலுக்கு ஆயிரக்கணக்கான பேர் எரியும் அக்கினிச்சட்டியைக் கையிலேந்தி வருகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோவிலில் ஆணும் பெண்ணும் பூக்குழி இறங்குகிறார்கள். பெரும்பாலோர் பெரிய காயமில்லாமலே கரையேறி வருகிறார்கள். இது ஒரு காட்சி.

மற்றொரு காட்சி உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள்கூட அல்ல. என்னவோ ஏதோ என்று ஓடி வந்தவர்கள். அதற்கு முன்பும் பின்பும் எத்தனை ஊர்களில் எத்தனை பேர் வெந்தார்கள் என்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறவர்களே விரல் விட்டுச் சொல்லுவீர்கள்.

தோழர்களே! இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது கேள்வி கேட்டதுண்டா? பூக்குழியில் காலைச் சுடாமல் காப்பாற்றியது அம்மன் என்றால், மருந்துக் கொட்டகையில் அதே பக்தையின் கையைச் சுடும்போது அந்த அம்மன் எங்கே போனாள்? கேட்டால் இரண்டு பதில் தயாராக இருக்கிறது. ஒன்று, "விரதத்தில் ஏதோ குறை, சுத்தபத்தமாக இருந்திருக்க மாட்டாள்" என்பது. மற்றொன்று, "தலைவிதி, பூர்வஜன்ம பாவம்" என்பது. அதாவது, வெந்து கிடக்கிறவள் தலையிலேயே குற்றத்தையும் தூக்கி வைக்கிறார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது இதுதான்.

நாம் சொல்லுவது என்னவென்றால், தீக்குப் பக்தனும் தெரியாது, பாவியும் தெரியாது. அது பார்ப்பதெல்லாம் இரண்டே கணக்கு: தோலுக்குள் எவ்வளவு சூடு ஏறியது, எவ்வளவு நேரம் ஏறியது என்பதுதான். தோலின் சூடு 44 டிகிரி சென்டிகிரேடில் நின்றால் வேக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரிக்குப் போய்விட்டாலோ சுமார் 5 விநாடியே போதும். கணக்கு இவ்வளவுதான். இதில் கருணையும் இல்லை, கோபமும் இல்லை.

அப்படியானால் நானூறு டிகிரி சூடுள்ள கங்கில் கால் ஏன் வேகவில்லை என்று கேட்பீர்கள். ரொட்டி சுடும் அடுப்பைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்குள் இருக்கும் காற்றும் இரும்புத் தட்டும் ஒரே டிகிரிதான். காற்றில் கையை நீட்டி எடுக்கிறார் ரொட்டி போடுகிறவர், ஒன்றும் ஆகவில்லை. தட்டைத் தொட்டாலோ கை பொத்துப் போகிறது. டிகிரி ஒன்றாக இருந்தும் காற்று தன் சூட்டைச் சீக்கிரம் கைக்குக் கொடுப்பதில்லை. இரும்பு கொட்டிக் கொடுத்துவிடுகிறது. பூக்குழியின் கரிக்கங்கு, சாம்பல் பூத்த மரக்கரி. அது சூட்டைக் கொடுப்பதில் மகா கஞ்சன். ஒவ்வொரு அடியும் கங்கில் படுவது அரை விநாடி அளவே. அன்றியும், உள்ளங்காலின் மேல்தோல் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். கண்ணிமையின் மேல்தோல் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ என்னும்படி அவ்வளவு மெல்லியது. வெறுங்காலோடு காட்டிலும் மேட்டிலும் நடந்து காய்த்துப் போன கால் என்றால் கேட்கவே வேண்டாம்.

இது நம் ஊகமல்ல. பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள். 1935-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் லண்டனுக்குப் பக்கத்தில் கார்ஷால்டன் என்ற இடத்தில் ஹாரி பிரைஸ் என்பவர் குழி வெட்டி நெருப்பு வளர்த்து, காஷ்மீரத்துக்காரரான குதாபக்ஸ் என்பவரை நடக்கச் செய்தார். முன்னதாக வைத்தியர்கள் அவர் காலைக் கழுவித் துடைத்துச் சோதித்தார்கள், பூச்சு ஒன்றுமில்லை. அவரும் காயமில்லாமல் நடந்தார். 1937-ல் மறுபடி நடந்த பரீட்சையில் மந்திரமோ விரதமோ அறியாத ஆங்கிலேயரும் நடந்து காட்டினார்கள். மரக்கங்கு சூட்டைச் சீக்கிரம் கடத்தாததும், கால் படும் நேரம் குறைவாயிருப்பதுமே காரணம் என்று முடிவு கட்டினார்கள். நம் அண்டை நாடான இலங்கையில் கார்லோ பொன்சேகா என்ற உடலியல் பேராசிரியர் இதைச் சோதித்து 1971-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். விரதம் இல்லாமல், மாமிசம் தின்று சாராயம் குடித்தவர்களும் பக்தர்களைப் போலவே தீயில் நடக்கலாம் என்று நடக்கச் செய்தே காட்டினார்.

அக்கினிச்சட்டி சங்கதியும் இதுதான். அது மண்சட்டி. அடுப்பில் இருக்கும் மண்சட்டியின் விளிம்பையும் பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பையும் தொட்டுப் பார்த்த எந்தத் தாயும் வித்தியாசத்தைச் சொல்லுவாள். தீயோ மேல்நோக்கி எரிகிறது. கையோ கீழே இருக்கிறது. நடுவில் வேப்பிலைக் கொத்தும் இருந்தால் இன்னும் சௌகரியம். மண்சட்டிக்குப் பதிலாகச் செம்புச்சட்டியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, வெறுங்கையில் தூக்கட்டும். நாமும் அம்மனை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் தயவு செய்து யாரும் முயன்று பார்க்க வேண்டாம் என்றும் இப்போதே சொல்லிவிடுகிறோம். பூக்குழியும் விளையாட்டல்ல. அதே குழியில் கால் இடறி விழுந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் பத்திரிகைகளில் படிக்கிறோம். நடந்தவருக்கு அரை விநாடி. விழுந்தவருக்கு ஐந்து விநாடி. பக்தி குறையவில்லை, நேரம் கூடிற்று. ஆகவே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூக்குழி இறங்குகிறவர்கள் குழந்தையின் உயிரை வைத்துச் சூதாடுகிறார்கள் என்றே சொல்லுவோம்.

நிற்க, வலி என்னும் விஷயத்துக்கு வருவோம். சுட்ட பாத்திரத்தைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக் கொள்ளுகிறோமே, அந்த உத்தரவைப் போடுவது மூளையல்ல. முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடமே உத்தரவு போட்டு விடுகிறது. "சுட்டது" என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் கை வந்துவிடுகிறது. முதலாளிக்குச் சேதி சொல்லி, அவர் யோசித்து உத்தரவு போடும் வரையில் காத்திருக்காமல் தொழிலாளியே காரியத்தை முடித்துவிடுவது போல!

அந்தச் சேதியும் இரண்டு கம்பியில் போகிறது. ஒன்று விநாடிக்குப் பத்து இருபது மீட்டர் ஓடும் விரைவுக் கம்பி; அதுதான் "சுரீர்" என்கிறது. மற்றொன்று விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து செல்லும் கம்பி. அதுதான் பிறகு வந்து "எரிகிறது, எரிகிறது" என்கிறது. காலிலிருந்து தலைக்கு இந்த இரண்டாவது சேதி போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பூக்குழியில் இரண்டு மூன்று அடி தாண்டியாகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. விருதுநகர்ச் சந்தையில் வற்றல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாலே மூக்கும் கண்ணும் எரிகிறது. தீ எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் கூச்சல் போடும் ஒரு காவற்காரன் நம் நரம்பு நுனியில் இருக்கிறான். மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற காரச்சத்து அதே காவற்காரனைத் தட்டி எழுப்பிவிடுகிறது. இதை 1997-ல் கண்டு சொன்ன டேவிட் ஜூலியஸ் என்பவருக்கு 2021-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பறவைக்கு அந்தக் காவற்காரன் காரத்துக்கு விழிப்பதில்லை. ஆகவேதான் கிளி மிளகாயைக் கொறித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. தோழர்களே! தீயே இல்லாமல் எரிச்சல் உண்டு என்பதை இதிலிருந்து தெரிந்து கொண்டீர்கள்.

இதற்கு நேர் எதிரான, இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வெகு ஆழமாக வெந்த இடத்தில் வலியே இருக்காது. ஏனெனில் வலியைச் சொல்லும் நரம்பு நுனியே வெந்து போய்விடுகிறது. மருந்து பற்றிக் கையெல்லாம் வெளுத்தும் கருகியும் இருக்க, "எனக்கு வலிக்கவில்லை, அம்மன் காப்பாற்றினாள்" என்று ஒருவர் சொன்னால் அதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய சமயம்.

தீயில் வெந்தவர் அப்போதே சாகாமல் இரண்டு நாள், மூன்று நாள் கழித்துச் சாகிறாரே, ஏன்? நம் தோல் வெறும் போர்வையல்ல. வளர்ந்த மனிதனுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் அளவுள்ள அது, தேகத்துக்குள் இருக்கும் நீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாமலும் காக்கும் மதில். மதில் இடிந்தால் இரத்தத்திலுள்ள நீர் கசிந்து போய்விடும், கிருமி புகுந்துவிடும். வைத்தியர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தலை நூற்றுக்கு 9, ஒரு கை 9, ஒரு கால் 18, முன்பக்கம் 18, முதுகுப்பக்கம் 18. விரல்களோடு சேர்ந்த உங்கள் உள்ளங்கை ஏறக்குறைய நூற்றுக்கு 1. வெந்தது எத்தனை பங்கு என்று பார்த்தே எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள்.

நாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளைக்கு வேலை செய்த இடத்தில் முழங்கை வரை தீப்பட்டுவிட்டது. வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஒருத்தி பேனா மையைக் கொட்டினாள். ஒருத்தி பல்பொடியை அப்பினாள். தகப்பனார் கோடாங்கியிடம் குறி கேட்க ஓடினார். நாமும் மற்றவர்களைப் போல வாய் பார்த்துக்கொண்டு நின்றோம். திண்ணையோரத்தில் இரண்டு குடம் தண்ணீர் நிறைந்திருந்தது. அதைத் தொட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் பிழைத்தாள், ஆனால் அந்தக் கையை இன்றும் நேராக நீட்ட முடியாது. அந்த இரண்டு குடம் தண்ணீரை நினைக்கும்போதெல்லாம் எமக்கு வெட்கமாக இருக்கிறது. நாம் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆகவே இதை மட்டும் மறவாதீர்கள். துணியில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப்பட்டுத் தீ வளரும். தரையில் விழுந்து புரளுங்கள். தீ அணைந்ததும், மேலே மருந்துப் பொடி ஒட்டியிருந்தால் துணியால் தட்டிவிட்டு, வெந்த இடத்தில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். ஒரு செம்பு ஊற்றிவிட்டு நிறுத்தக் கூடாது; முழுசாக 20 நிமிஷம். ஏனென்றால் தீ அணைந்த பிறகும் தோலுக்குள் புகுந்த சூடு வேக வைத்துக்கொண்டே இருக்கிறது. உடனே முடியாவிட்டால் 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. வீங்குவதற்கு முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ், மை, நெய், மஞ்சள், சாணி, பற்பசை ஒன்றும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, மற்ற தேகத்தைப் போர்த்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: இந்தத் தண்ணீர் மனிதனுக்குத்தானே ஒழிய, எரிகிற மருந்துக் குவியலுக்கல்ல. அலுமினியப் பொடி எரியும்போது தண்ணீர் பட்டால் தீ பெருகும். அங்கே செய்ய வேண்டியது விலகி ஓடுவதே. வேடிக்கை பார்க்கக் கிட்டே போவதல்ல. முதலிப்பட்டி நமக்குக் கற்பித்த பாடம் அது.

தோழர்களே! கொட்டகை வெடிப்பதற்குக் காரணம் உராய்வு, நெரிசல், அளவுக்கு மேல் குவித்த மருந்து, அவசரம் ஆகிய இவைகளே. இவைகளுக்கெல்லாம் பொறுப்பாளி மனிதன். "அம்மன் கோபம்" என்று நீங்கள் சொல்லுகிறவரையில் அந்த மனிதனை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கோவிலுக்குப் போகாதே என்று சொல்ல இன்று நாம் இங்கு வரவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள் என்று சொல்லவே வந்தோம். அம்மனிடம் கேட்டது போதும். குழாயைக் கொடுக்க வேண்டியவரிடம் கேளுங்கள்.