வீடு தேடி வரும் மரபணுப் பரிசோதனை: அறிவியலும் வணிகமும் அரசியலும்

(தில்லியில் தமிழ்த் தோழர்களுக்காக நடத்தப்பட்ட கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தில்லி போன்ற பெருநகரங்களில் அண்மைக் காலமாகப் புதியதொரு பண்டம் விற்பனையாகி வருகிறது. இணையத்தில் பணம் செலுத்தினால் ஒரு சிறு பெட்டி வீடு தேடி வருகிறது. அதனுள் இருக்கும் குழாயில் உமிழ்நீரைச் சேகரித்து, மூடி, கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டும். சில வாரங்களில் அறிக்கை வந்து சேரும். அந்த அறிக்கை இரண்டு செய்திகளைச் சொல்வதாக விளம்பரம் கூறுகிறது. ஒன்று, உங்கள் மூதாதையர் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பது. மற்றொன்று, எந்த நோய் உங்களைத் தாக்கும் வாய்ப்பு உண்டு என்பது.

இந்தப் பரிசோதனையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. இதன் அடித்தளத்தில் உண்மையான அறிவியல் இருக்கிறது. விளம்பரம் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ளவும் முடியாது. அந்த அறிவியலின் மீது வணிகமும், வணிகத்தின் மீது அரசியலும் ஏறி அமர்ந்திருக்கின்றன. இவை மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பரிசோதனை எதைப் படிக்கிறது?

மனித உயிரணுவில் உள்ள டிஎன்ஏ, நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக வரும் 23 இணைக் குரோமோசோம்களில் அது அடங்கியிருக்கிறது. ஒருவழியாக வரும் தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் அவர்களிடையே இந்த எழுத்துகளில் சுமார் 99.9 சதவீதம் ஒன்றாகவே இருக்கும். எஞ்சிய சிறு வேறுபாட்டை வைத்துத்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

குறைந்த விலைப் பரிசோதனைகள் இந்த ஏடு முழுவதையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் வேறுபடுவதாக முன்பே அறியப்பட்ட சில லட்சம் இடங்களை மட்டும் ஒரு சில்லின் உதவியால் பார்க்கின்றன. 6 லட்சம் இடங்கள் என்று வைத்துக்கொண்டால் அது பத்தாயிரம் எழுத்துகளுக்கு இரண்டு எழுத்து. முழு மரபணுத் தொகுதியையும் படிப்பது வேறு வகைப் பரிசோதனை. தில்லியில் உள்ள சிஎஸ்ஐஆர் மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் 2009 டிசம்பரில் ஓர் இந்தியரின் முழு மரபணுத் தொகுதியை இந்நாட்டிலேயே முதன்முதலாகப் படித்து முடித்தது. அது மக்கள் பணத்தில் இயங்கும் பொது நிறுவனம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூதாதையர் என்னும் கணக்கு

ஒருவருக்குப் பெற்றோர் இருவர். தாத்தா பாட்டிமார் நால்வர். இவ்வாறு பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் மூதாதையர் இடங்கள் 1024 ஆகின்றன. ஆண்களுக்குத் தந்தையிடமிருந்து வரும் ஒய் குரோமோசோமை வைத்து வழி சொல்லும்போது இந்த 1024 பேரில் ஒருவரை மட்டுமே குறிப்பிடுகிறார்கள். தாயிடமிருந்து வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் அவ்வாறே ஒருவரை மட்டும் குறிக்கும். எஞ்சிய 1022 பேரைப் பற்றி அவ்விரண்டும் எதுவும் சொல்லா. ஆகவே, ஒரு வழியை வைத்துக்கொண்டு இவர் இன்ன குலத்தவர் என்று பேசுவது கணக்கறியாப் பேச்சு.

மற்றக் குரோமோசோம்களை வைத்து இத்தனை சதவீதம் இந்தப் பகுதி என்று தரப்படும் கணக்கும் நேரடியாக அளக்கப்பட்டதன்று. இன்று வாழும் சில மக்கள் குழுக்களின் மாதிரிகளை நிறுவனம் தன் கையில் வைத்திருக்கிறது. வாடிக்கையாளரின் எழுத்துகள் அவற்றுள் எதனை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மதிப்பிட்டுச் சொல்கிறது. ஒப்பிடும் தொகுப்பு மாறினால் விடையும் மாறும். கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி, ஒரே கருவில் உருவான இரட்டைச் சகோதரியரின் மாதிரிகளை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பி, அதன் முடிவுகளை 2019இல் வெளியிட்டது. ஐந்து நிறுவனங்களும் வெவ்வேறு விடைகளைத் தந்தன. ஒரே நிறுவனமே இரட்டையர் இருவருக்கும் வெவ்வேறு சதவீதங்களைக் கூறியதும் உண்டு.

இந்தியர்களைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. தில்லி நிறுவனமும் ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இணைந்து ‘இண்டிஜென்’ என்ற திட்டத்தில் 1029 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்தன. அதில் கண்டறியப்பட்ட 5.5 கோடிக்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதுவரை உலகத் தரவுத் தொகுப்புகள் எதிலும் இல்லாதவை. தொகுப்பில் இல்லாதவர்களைப் பற்றி அந்தத் தொகுப்பு எவ்வாறு உறுதியாகப் பேச முடியும்?

தூய இனம் என்று ஒன்றில்லை

தனிமனிதரின் கதையைச் சொல்ல இயலாத இந்த அறிவியல், பெருந்திரளான மக்களின் வரலாற்றைப் பற்றிச் சில உறுதியான உண்மைகளைச் சொல்லியிருக்கிறது. ஹைதராபாத் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் அமெரிக்காவின் டேவிட் ரைக் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் இரு பழைய மக்கள் பிரிவுகளின் கலப்பால் உருவானவை எனக் காட்டியது. கலப்பின் விகிதம் குழுவுக்குக் குழு மாறுகிறது. கலப்பில்லாத குழு என்று சொல்லத்தக்கது அரிது. அதனைத் தொடர்ந்து 2013இல் வந்த ஆய்வு, இக்கலப்பு இன்றைக்கு 4200 ஆண்டுகளுக்கும் 1900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பரவலாக நிகழ்ந்தது என்றும், பின்னரே அகமண முறை இறுகியது என்றும் கூறியது.

சாதியின் சாரம் அகமணமே என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். அவர் சமூகவியல் வழியே கண்டதற்கு மரபணுவியல் ஒரு நூற்றாண்டுக்குப் பின் காலக்கணக்குத் தந்திருக்கிறது. சாதி படைப்புக் காலம் தொட்டு வருவது அன்று. கலந்து வாழ்ந்த மக்களிடையே வரலாற்றின் ஒரு கட்டத்தில் எழுப்பப்பட்ட சுவர்.

அந்தச் சுவர் உடலிலும் தன் வடுவை விட்டிருக்கிறது. 2017இல் வெளியான ஆய்வொன்றில் 263 தெற்காசியக் குழுக்கள் ஆராயப்பட்டன. சிறு தொகையினரிடமிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துவந்ததன் சுவடு, அவற்றுள் 81 குழுக்களில் மிக வலுவாகத் தெரிந்தது. இத்தகைய குழுக்களில் அரிய பரம்பரை நோய்கள் கூடுதலாகத் தோன்றுகின்றன. அறுவைச் சிகிச்சையின்போது தரப்படும் ஒரு தசைத் தளர்வு மருந்தை உடலால் விரைந்து முறிக்க இயலாத குறைபாடு வைசியக் குழு ஒன்றில் மிகுதியாக இருப்பது இதற்கு எடுத்துக்காட்டு. தூய்மை என்று பெருமை பேசப்பட்டது, மருத்துவக் கண்ணில் ஆபத்தாகத் தெரிகிறது.

ஆனால், ஆளும் வகுப்புவாத சக்திகள் இந்த அறிவியலை வேறு வழியில் இழுக்க முயல்கின்றன. ஹரியானாவின் ராக்கிகடியில் கிடைத்த, சிந்துவெளிக் காலத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து எடுக்கப்பட்ட டிஎன்ஏ பற்றிய ஆய்வு 2019 செப்டம்பரில் வெளிவந்தது. அவரிடம் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபுக்கூறு இல்லை. உடனே தில்லியில் செய்தியாளர்களைச் சந்தித்த ஆய்வாளர் சிலர், ஆரியர் வருகை என்னும் கருத்து தகர்ந்துவிட்டது என்றனர். அதே நேரத்தில், ஆசிரியர்களில் பலரைப் பொதுவாகக் கொண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வோ, ஸ்டெப்பி மக்கள் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் தெற்காசியாவுக்கு வந்தனர் என்று கூறுகிறது. சிந்துவெளிப் பெண்ணிடம் அந்தக் கூறு இல்லை என்பது, அது பின்னரே வந்து சேர்ந்தது என்பதற்குச் சான்றே தவிர மறுப்பன்று.

2022 மே மாதத்தில் ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் ‘இனத் தூய்மை’யை ஆராய டிஎன்ஏ கருவிகள் வாங்கவிருப்பதாக நாளிதழ்ச் செய்தி ஒன்று வெளியானது. அமைச்சகம் மறுத்தது. ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் அறிஞர்களும் அத்தகைய முயற்சியைக் கண்டித்துக் கடிதம் எழுதினர். இருபதாம் நூற்றாண்டில் இனத் தூய்மை என்னும் சொல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அறிந்தவர்களின் கவலை அது.

நோய் பற்றிய எச்சரிக்கை

அறிக்கையின் இரண்டாம் பகுதி நோய்களைப் பற்றியது. இங்கே இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். அரிவாள் உயிரணு நோய், தலசீமியா போன்றவை ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வருபவை. இவற்றில் பரிசோதனை தெளிவான விடை தரும். எளிய இரத்தப் பரிசோதனையே பெரும்பாலும் போதும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு போன்றவற்றிலோ நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு வகிக்கின்றன. அவற்றோடு உணவும் உழைப்பும் உறக்கமும் கூலியும் குடியிருப்பும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கின்றன. தில்லியின் நச்சுக் காற்றில் நாள் முழுவதும் நின்று உழைக்கும் கட்டுமானத் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி உமிழ்நீர்க் குழாய் என்ன சொல்லிவிடும்?

இந்த இரண்டாம் வகை நோய்களுக்கான மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. 2019இல் வெளியான கணக்கின்படி, உலகெங்கும் இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றோரில் சுமார் 79 சதவீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த அளவுகோலைத் தமிழ் உடலின் மீது அப்படியே வைத்தால் பிழை நேரும்.

‘இல்லை’ என்ற விடையும் ஏமாற்றலாம். மார்பகப் புற்றுநோயுடன் தொடர்புடைய இரு மரபணுக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன. அமெரிக்காவின் ‘ட்வென்டித்ரீ அண்ட் மீ’ நிறுவனத்துக்கு 2018இல் அனுமதிக்கப்பட்ட பரிசோதனை அவற்றுள் மூன்றை மட்டுமே பார்த்தது. அம்மூன்றும் அஷ்கெனாசி யூதர்களிடையே காணப்படுபவை. தஞ்சாவூர்ப் பெண் ஒருவருக்கு அதில் ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு ஏறத்தாழப் பொருளே இல்லை.

‘உண்டு’ என்பதும் தீர்ப்பன்று. இதயத் தசையோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருப்பதாக, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆய்வு 2009இல் கூறியது. ஆனால் அதை உடையோர் அனைவருக்கும் இதயம் செயலிழப்பதில்லை. அறிக்கையில் ஒரு வரியைப் பார்த்து அஞ்சி வாழ்வதும், ஒரு வரியைப் பார்த்து அசட்டையாக இருப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

தில்லி உயர் நீதிமன்றம் கண்ட வழக்கு

இவ்வளவும் தனிமனிதரின் ஆர்வம் பற்றிய செய்தியாக முடிந்துவிடவில்லை என்பதற்குத் தில்லியில் நடந்த ஒரு வழக்கே சான்று. இதயத் தசை தடிக்கும் நோயுடைய ஒருவர், பல ஆண்டுகள் கட்டணம் செலுத்தி மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பித்து வந்தார். 2011இல் மருத்துவமனைச் செலவைக் கோரியபோது, அது மரபணு நோய் என்று சொல்லி யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. 2018 பிப்ரவரி 26 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பிரதிபா எம். சிங், மரபணு நோய்களை ஒட்டுமொத்தமாக விலக்கும் அந்த நிபந்தனை அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பின் பொதுவான பகுதிக்கு அதே ஆண்டில் தடை விதித்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இவ்விலக்கைச் சேர்க்கக் கூடாது என அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் அறிவுறுத்தல் வேறு, நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் வேறு.

நீரிழிவும் மாரடைப்பும் ஓரளவு மரபு சார்ந்தவையே. மரபணு நோய்க்குக் காப்பீடு இல்லை என்ற வாதம் நிலைபெற்றால் எவருக்குமே காப்பீடு இல்லை என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணு வழிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2008இல் வந்தது. ஆயுள் காப்பீட்டை அது உள்ளடக்கவில்லை. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டமே இல்லை. விளையாட்டாகச் செய்துகொண்ட பரிசோதனையின் முடிவு, காப்பீட்டு விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாத தகவல் ஆகிவிட்டால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தரவு யாருக்குச் சொந்தம்?

‘ட்வென்டித்ரீ அண்ட் மீ’ 2006இல் தொடங்கப்பட்டது. 2018இல் மருந்து நிறுவனமான கிளாக்ஸோஸ்மித்கிளைன் அதில் 30 கோடி டாலர் முதலீடு செய்தது. வாடிக்கையாளர் பணம் கொடுத்துத் தந்த தரவு, நிறுவனத்தின் மூலதனமாயிற்று. 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடப்பட்டன. 2025 மார்ச்சில் நிறுவனம் திவாலாயிற்று. ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணுத் தரவு கடன் தீர்க்கும் சொத்தாக ஏலத்துக்கு வந்தது. முடிவில் நிறுவனரே நடத்தும் அறக்கட்டளை 30.5 கோடி டாலருக்கு அதை வாங்கியது.

கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற முடியாது. மேலும் அது ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஒருவர் தரும் மாதிரி அவருடைய தமக்கை, தம்பி, பிள்ளைகள் ஆகியோரைப் பற்றியும் பேசுகிறது. அவர்களை யாரும் கேட்பதில்லை.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டு மசோதா, மரபணுத் தரவைக் கூருணர்வுள்ள தரவு என வகைப்படுத்திக் கூடுதல் பாதுகாப்பு வழங்கியது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே காணாமற்போயிற்று. அரசின் கையிலும் தரவு குவிகிறது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் உயிரியல் மாதிரிகளை எடுக்கவும், பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் இடமளிக்கிறது. டிஎன்ஏ தொழில்நுட்ப மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர் பினாய் விஸ்வம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். அம்மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது.

செய்ய வேண்டியவை

பரிசோதனை செய்துகொள்ள விரும்பும் தோழர், பணம் செலுத்தும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். முழுத் தொகுதியும் படிக்கப்படுமா, சில இடங்கள் மட்டுமா? இந்திய மக்களின் மாதிரிகள் ஒப்பீட்டில் உள்ளனவா? முடிவை விளக்க மரபணு ஆலோசகர் இருக்கிறாரா? தரவு யாருக்கு விற்கப்படும், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா? குடும்பத்தினர் இதற்கு உடன்படுகிறார்களா? குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டு என்ற ஐயம் இருந்தால் பெட்டியை நாட வேண்டியதில்லை. எய்ம்ஸ், லேடி ஹார்டிங்கே போன்ற பொது மருத்துவமனைகளில் மரபணு நோய்க்கான பிரிவுகள் உள்ளன. முதலில் மருத்துவரையே அணுக வேண்டும்.

தனிமனிதரின் எச்சரிக்கை மட்டும் போதாது. மரபணு வழிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வேண்டும். வணிகப் பரிசோதனைகளுக்குத் தர நிர்ணயமும் கண்காணிப்பும் வேண்டும். மாவட்ட மருத்துவமனை வரை மரபணு ஆலோசனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். பொது நிறுவனங்கள் திரட்டிய தரவு தனியாரின் இலாபத்துக்குத் தாரை வார்க்கப்படக் கூடாது.

மனிதர் அனைவரும் உறவினர் என்பதே இந்த அறிவியலின் முதல் முடிவு. அந்த முடிவை மறைத்துவிட்டு, வேறுபாட்டை மட்டும் விலைக்கு விற்பதை அனுமதிக்கலாகாது. வீட்டில் பிள்ளைகள் அந்தப் பெட்டியைக் கொண்டு வந்து மேசைமேல் வைக்கும் நாளில், அவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தோழர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.