தர்பன் துறைமுகமும் ஆப்பிரிக்க ஒற்றுமையும்

(பொம்மிடியில் நிகழ்த்திய பொழிவு)



ஆப்பிரிக்க ஒன்றியம் 2002 சூலைத் திங்களில் எவ்வூரில் தொடங்கப்பெற்றது? தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில்! அத்துறைமுகத்தில்தான், 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையினின்று சென்ற 'துரூரோ' என்னுங் கப்பல் 342 பேரை இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பெற்ற ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். பின்னர்ச் சென்றோருள், இப்பொம்மிடிக்குத் தொலைவிலாத பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தினர் பெருந்தொகையினர்.

வெள்ளையர்க்குக் கீழும் கருப்பர்க்கு மேலுமாக ஒரு நடுப்படியை அவர்க்குக் காட்டினர் ஆள்வோர். அப்படியில் அமர்வதா, மண்ணின் மக்களோடு நிற்பதா? 1947 மார்ச்சில், நேட்டால் இந்தியப் பேராயத் தலைவர் நாயக்கரும், திரான்சுவால் இந்தியப் பேராயத் தலைவர் தாதூவும், பின்னாளில் மண்டேலா தலைமையேற்ற ஆப்பிரிக்க நாட்டினப் பேராயத்தின் அந்நாள் தலைவர் சூமாவும் இணைந்து போராட உடன்பட்டனர். மூவரும் மருத்துவராதலின் அது 'மருத்துவர் உடன்படிக்கை' எனப்பட்டது. ஈராண்டு நிறையுமுன், 1949 சனவரியில், அதே தர்பனில் ஆப்பிரிக்கர்க்கும் இந்தியர்க்குமிடையே கலகம் மூண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்குருதி காயுமுன்னரே, 1952-இல் இருசாராரும் கைகோத்து, நிறவெறிச் சட்டங்களை மீறிச் சிறை புகுந்தனர்! 1984-இல் இந்தியர்க்கெனத் தனியவை என்று ஒரு தூண்டில் வீசப்பட்டது, கருப்பர்க்கோ ஒன்றுமில்லை. இந்தியருட் பெரும்பாலோர் வாக்களிக்கவே செல்லவில்லை. 1996-ஆம் ஆண்டு அரசமைப்பு, மதித்துப் பேணவேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சுட்டி வைத்தது. (அதனை ஆட்சிமொழி என்று மேடைதோறும் முழங்குவார் சிலர், அது பிழை.)

ஒன்றியத்தின் முன்னோடியாகிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1963 மே 25-இல் அடிசு அபாபாவில் தோன்றியது. வெள்ளையராட்சியை எதிர்த்த அது, தன் உறுப்பு நாடுகளின் கொடுங்கோலரைக் கண்டுங் காணாதிருந்தது. ஒன்றியம் அவ்வாறில்லை. படைவலியால் ஆட்சி பறிக்கப்பட்டபோது 2021-இல் மாலியையும் கினியையும், 2023-இல் நைசரையும் விலக்கி வைத்தது. ஆனால், அரசமைப்பையே திருத்தித் தம் பதவிக் காலத்தை நீட்டுவாரிடம் அதன் கை நீள்வதில்லை. படைவீரன் பறித்தால் குற்றம், தலைவன் திருத்தினால் சட்டமா?

பொருளியலிலோ பழைய தளை இன்னும் அறவில்லை. சுரங்கத்தினின்று துறைமுகத்திற்கே இருப்புப்பாதை இட்டனர் அயலார்; அண்டை நாட்டுக்கு வழியில்லை. அதனால் ஆப்பிரிக்க நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகம் ஏறத்தாழ 15 விழுக்காட்டளவிலேயே நின்றது. அதனை மாற்றவே 2018-இல் கிகாலியில் தடையிலா வணிக உடன்படிக்கை கையொப்பமாகி, 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே, ஆங்கிலமும் பிரெஞ்சும் வீற்றிருந்த ஒன்றிய அவையில் சுவாகிலி மொழியும் அலுவல்மொழியாக அமர்ந்தது.