கணவாயும் கால்வாயும்



உலகப் படத்தில் வட அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தை நோக்குங்கள். உடுக்கையின் இடைபோல் அங்கே நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த ஒடுங்கிய நிலமே பனாமா. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். நடுவே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நிலம். இத்தகைய நிலத்தைப் பூசந்தி என்று நிலநூலார் கூறுவர்.

இனி, நம் தென்னாட்டுப் படத்தை நோக்குங்கள். மேற்கே சுவர் எடுத்தாற்போல் நிற்கும் மலைத்தொடர் ஓரிடத்தில் மட்டும் அறுபட்டுக் கிடக்கிறது. வடபால் நீலமலை, தென்பால் ஆனைமலை. இரண்டிலும் 2,600 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் உள்ளன. அவற்றின் நடுவே, முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்ற பாலைக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கு வாயிலில் அமைந்ததே கொங்கு நாடு. பனாமாவுக்கு இருபுறமும் கடல். கொங்கு நாட்டுக்கோ எப்புறமும் கடல் இல்லை. எனினும் இவ்விரு நாடுகளின் வரலாறும் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன. வழியை வைத்து வாழும் நாடு, தண்ணீருக்கு என்ன செய்வது என்பதே அக்கேள்வி.

கணவாய் நமக்கு அளித்தவற்றுள் முதலாவது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சிச் சாலையிலும் பல்லடம் சாலையிலும் சென்றவர் அக்காற்றை அறிவர். கணவாய்க்கு அப்பால் பாலைக்காட்டுப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதே பருவக்காற்று இப்பால் வரும்போது ஈரத்தை மலைக்கு ஈந்துவிட்டு வெறுங்கையோடு வருகிறது. கோவைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. மழையைத் தராத அக்காற்று இன்று உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது என்பது வேறு செய்தி.

இரண்டாவது, வாணிகம். மேலைக்கடற்கரையில் முசிறித் துறைமுகத்தில் யவனர் கலங்கள் வந்து நின்ற காலத்தில், கீழைக்கடலுக்குச் செல்ல விழைந்த பொருள்கள் இக்கணவாய் வழியே நொய்யலாற்றின் கரையோடு கருவூரை நோக்கிச் சென்றன. சான்று வேண்டுமா? கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் பேரரசர்களின் காசுகள். நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், மணி கடைந்த பட்டறைகளின் எச்சங்களும், தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து போற்றும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. அருகிலுள்ள படியூரில் கிடைத்த பச்சைக்கல் உரோம நாட்டுச் செல்வியரின் கழுத்தில் ஒளிர்ந்திருக்கலாம். இந்தியாவின் பச்சைக்கல்லைப் பற்றி உரோம அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார்.

வழியில் வாழ்பவனுக்கு வாணிகம் மட்டுமா வரும்? படைகளும் வரும். சேரர், கங்கர், சோழர், பாண்டியர், ஒய்சளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், மைசூரார் என ஆண்டவர் பட்டியல் நீண்டது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலக் கும்பினி வந்தது; அதை எதிர்த்த தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

அரசர்கள் மாறினர், உழவனின் கவலை மாறவில்லை. கவலை என்ற சொல்லுக்குக் கொங்கு நாட்டில் இரு பொருள் உண்டு. ஒன்று மனத்தில் இருப்பது. மற்றொன்று கிணற்று மேட்டில் இருப்பது. எருதுகள் சரிவில் இறங்க, சால் நீரோடு மேலேறிவரும் இறவை அது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று முதியோர் நகையாடுவர். கிணற்றுப் பாசனமுள்ள நிலத்தைத் தோட்டம் என்றும், வானம் பார்த்த நிலத்தைக் காடு என்றும் வழங்குவது இந்நாட்டு மரபு. பாறையைக் குடைந்து கிணறு தோண்டுவதற்கு முதலும் வேண்டும், மூர்க்கமான பொறுமையும் வேண்டும். கிளுவை வேலியிட்ட கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்ந்த காங்கயம் காளை இவ்வுழைப்புக்கென்றே பிறந்தது போன்றது. பஞ்சாலைகளை எழுப்பிய துணிவு இந்தக் கிணறுகளில் பயின்ற துணிவே என்று நான் எண்ணுகிறேன்.

பஞ்சு என்றதும் மத்திய அமெரிக்கா மறுபடியும் நம் முன் வருகிறது. கொங்குக் காடுகளில் முன்பு விளைந்தவை உப்பம், கருங்கண்ணி என்னும் குட்டை இழைப் பருத்திகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து கிணற்றுத் தோட்டங்களில் செழித்தது. பெயர்தான் கம்போடியா; அவ்வினத்தின் பூர்வீகமோ மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இன்று கோழித் தீவனத்துக்காக நாம் விளைவிக்கும் மக்காச்சோளத்தின் தாயகமும் அப்பக்கமே. கணவாய் வழியே 1862இல் இருப்புப்பாதை சென்னையை மேலைக்கடலோடு இணைத்தது. 1888இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் நூற்பாலை நிறுவினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. இன்று காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஈரோடு, சேலம், திருப்பூர் வண்டிகளுக்காக முண்டியடிக்கும் கூட்டம் இந்த மாற்றங்களின் விளைவு.

பனாமாவிலும் வழியே செல்வம். 1513இல் பல்போவா என்னும் ஸ்பானியர் அந்நிலத்தைக் கடந்து பசிபிக் கடலைக் கண்டார். பெரு நாட்டு வெள்ளி கோவேறு கழுதைகளின் முதுகில் அவ்வழியே சென்று ஸ்பெயினுக்குக் கப்பலேறியது. 1855இல் இருப்புப்பாதை அமைந்தது. 1880களில் பிரெஞ்சுக்காரர் கால்வாய் வெட்டத் தொடங்கி, மலைக்காய்ச்சலாலும் மஞ்சள் காய்ச்சலாலும் இருபதாயிரம் பேரைப் பலிகொடுத்துத் தோற்றனர். 1903இல் பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. அமெரிக்க ஐக்கிய நாடு கால்வாயை முடித்து 1914இல் திறந்தது. வேலை செய்தவருள் பெரும்பாலோர் பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர். வெள்ளையருக்குப் பொன் நாணயம், அவர்களுக்கு வெள்ளி நாணயம் என்று கூலியிலேயே நிறம் பிரிக்கப்பட்டது. தன் நடுவில் ஓடிய கால்வாயைப் பனாமா தன் கையில் பெற்றது 1999ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான்.

கடலையும் கடலையும் நேரே வெட்டி இணைத்த வாய்க்கால் அது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. சாக்ரெஸ் ஆற்றை அணைகட்டி மறித்து, கட்டூன் என்னும் ஏரியை உண்டாக்கினார்கள். அதன் மட்டம் கடலினும் 26 மீட்டர் உயரம். கப்பல் ஒரு பெருந்தொட்டிக்குள் புகும், கதவு மூடும், ஏரி நீர் உள்ளே பாயும், கப்பல் உயரும். இப்படிப் படிப்படியாய் ஏறி, ஏரியைக் கடந்து, மறுபுறம் இறங்கும். இயந்திர இறைப்பு இல்லை. நீர் தன் எடையாலேயே பாய்கிறது. நம் கவலையில் எருது நீரைத் தூக்கியது. அங்கே நீர் கப்பலைத் தூக்குகிறது. ஆனால் ஒவ்வொரு கப்பலுக்கும் ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது. அதே ஏரிதான் அந்நாட்டு மக்களில் பாதிப்பேருக்கு மேல் குடிநீரும் தருகிறது.

2023இல் அங்கே மழை பொய்த்தது. நாளொன்றுக்கு 36 கப்பல்கள் சென்ற வழியில் 2024 தொடக்கத்தில் 24 கப்பல்களே விடப்பட்டன. இருபுறமும் கப்பல்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. உலக வாணிகத்தின் பெருவாயில் ஓர் ஏரியின் மட்டத்தைப் பார்த்து நின்றது. இனி ரியோ இந்தியோ என்னும் ஆற்றிலும் அணை கட்ட வேண்டும் என்று கால்வாய் நிர்வாகம் கூறுகிறது. நிலம் மூழ்கும் என்று அவ்வாற்றங்கரை உழவர் எதிர்க்கின்றனர்.

பனாமாவின் இந்தத் துயரம் நமக்குப் புதிதன்று. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறக்கும் நொய்யல், பேரூர்ப் பட்டீசுவரரை வணங்கி, கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூர் வழியே கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூரின் பின்னலாடைகள் உலகெங்கும் சென்றன; அவற்றுக்குச் சாயமேற்றிய கழிவுநீர் நொய்யலில் சென்றது. பாசனத்துக்கென்று சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1990களில் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதே உழவர் வழக்கம். திறவாதீர் என்று கடைமடை உழவர் வேண்டிய விந்தையை அங்கே கண்டோம். கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது, நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பின்னர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் செப்பம் செய்யப்பட்டு வேலை மீண்டும் தொடங்கியது.

உழவரும் தொழிலாளரும் அன்று எதிரெதிர் நின்றனர். இரு திறத்தாரும் ஒரே ஆற்றங்கரையின் மக்கள். பல குடும்பங்களில் தந்தை உழவர், மகன் பட்டறைத் தொழிலாளி.

கொடுமணலின் அகழ்குழிகள் அந்த ஒரத்துப்பாளையப் பகுதியிலேயே உள்ளன. விடுமுறையில் அங்கே செல்லும் மாணவர்கள் ஓடுகளையும் மணிகளையும் கண்டு களித்தபின் ஆற்றங்கரைக்கும் இறங்கிச் செல்லுங்கள். அங்கே ஓடும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.